பச்சை பிளேட்டும் பல்லாவரத்து மாமாவும்

நான் பொய் சொல்லிக் கெட்டவன் இல்லை. என்னைப் பற்றி மற்றவர்கள் சொன்ன பொய்யைத் திருத்தாமல் இருந்து கெட்டவன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில், கார் உதிரிபாகங்கள் சரியான அளவில் இருக்கின்றனவா என்று பார்க்கிற வேலை. (ஆமாம், தப்பு கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். சிரிப்பைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.) வண்டலூருக்கு அந்தப் பக்கம் ஓர் உள்ளரங்கில் பல நாட்டு வீரர்கள் கலந்துகொள்ளும் விளையாட்டுப் போட்டிகள் நடக்கப் போவதாகவும், தன்னார்வலர்கள் தேவை என்றும் அறிவிப்பு வந்தது. விண்ணப்பத்தில், 'பளு தூக்கிய அனுபவம் உண்டா?' என்று ஒரு கேள்வி. சேலையூர் ஜிம்முக்குப் பதினோரு நாள் போயிருந்தேன். 'உண்டு' என்று டிக் அடித்தேன். ஆண்கள் பளுதூக்கும் போட்டியில், கம்பியின் இரண்டு முனையிலும் பிளேட் மாட்டுகிற வேலை கிடைத்தது.

"வெயிட்லிஃப்டிங்ல செலக்ட் ஆயிட்டேம்மா" என்று அம்மாவிடம் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். தாம்பரத்தில் புறப்பட்ட செய்தி பல்லாவரம் போய்ச் சேர்வதற்குள் நல்ல சதை போட்டுவிட்டது. பல்லாவரத்தில்தான் எனக்கு நிச்சயம் செய்திருந்த யாஸ்மினின் வீடு. அவளுடைய அத்தா கமால் மாமா மிக்ஸி, கிரைண்டர் கடை வைத்திருந்தார். அன்று மாலையே போன்.

"மாப்ள, இந்தியாவுக்காக வெயிட் தூக்குறீங்களாமே! ஒரு வார்த்தை சொல்லலையே?"

"அப்படியெல்லாம் பெருசா ஒண்ணுமில்ல மாமா."

அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். என் எடை ஐம்பத்து நான்கு கிலோ என்பது அவர் கண்ணுக்குத் தெரியாததில்லை. "ஒல்லியா இருக்கறவங்களுக்குத்தான் நரம்பு உறுதி" என்று அவரே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

போட்டி நாளன்று கேலரியின் மூன்றாவது வரிசையில் மாமா, மாமி, யாஸ்மின், அவள் தம்பி, இன்னும் ஏழெட்டு உறவுக்காரர்கள். டிபன் பாக்ஸோடு வந்திருந்தார்கள்.

எங்கள் வேலை எளிது. ஒரு முனைக்கு நான், மறு முனைக்கு வண்டலூர் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியராக இருக்கும் வேலு அண்ணா. சிவப்பு பிளேட் இருபத்தைந்து கிலோ, மஞ்சள் பதினைந்து, பச்சை பத்து. எண் படிக்கத் தெரியாதவனும் தப்பு செய்ய முடியாதபடிதான் நிறம் வைத்திருக்கிறார்கள்.

முதல் தடவை மேடையேறி, குனிந்து, பச்சை பிளேட் ஒன்றைத் தூக்கி மாட்டினேன். கேலரியில் கைத்தட்டல். "நம்ம மாப்ள தூக்கிட்டாருப்பா!" என்று மாமாவின் குரல். நான் கீழே இறங்கியதும் ஒரு பெரியம்மா, "அவ்ளோதானா? அதுக்குள்ள முடிஞ்சுபோச்சா?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

கடைசிச் சுற்றில் ஏதோ ஒரு தீவு நாட்டு வீரர். தேர் மாதிரி உடம்பு, குழந்தை மாதிரி முகம். அவருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. இருநூற்றைந்து கிலோவைத் தூக்கினால் மூன்றாம் பரிசு. இல்லையென்றால் வெறுங்கையோடு விமானம். கம்பியில் முன்பு இருநூறு கிலோ இருந்தது. பச்சையையும் ஒரு குட்டி பிளேட்டையும் கழற்றிவிட்டு மஞ்சளை மாட்ட வேண்டும். கழற்றினேன். அந்த நேரம் பார்த்து மாமா எழுந்து நின்று கை அசைத்தார். மரியாதைக்கு நானும் அசைத்தேன். யாஸ்மின் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே குனிந்து, கழற்றிய பச்சையையே எடுத்துத் திரும்ப மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அவர் கம்பியைத் தோள்வரை கொண்டுவந்தார். தலைக்கு மேல் ஏற்றினார். ஏற்றியதும் கம்பி வேலு அண்ணா பக்கமாகச் சாய்ந்தது. மனிதர் அதன் பின்னாலேயே நான்கு எட்டு நண்டு நடை நடந்து, தாங்க முடியாமல் கீழே போட்டார். அரங்கமே அதிர்ந்தது. அவருடைய பயிற்சியாளர் மேடையைக் காட்டிக் கத்தினார். பெரிய திரையில் கம்பியின் ஒரு முனையைக் காட்டினார்கள்: மஞ்சள். மறு முனை: பச்சை.

"டேய், இன்னாடா பண்ணிவச்சுகீற!" என்றார் வேலு அண்ணா.

நடுவர்கள் எங்களைக் கூப்பிட்டு, இந்தப் பக்கம் மாட்டியது யார் என்று கேட்டார்கள். அந்த வீரர் ஒரு நாற்காலியில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். எத்தனை வருஷப் பாடு! ஒரு கையசைப்பில் நான் கெடுத்துவிட்டேன். அவரைப் பார்த்த பிறகு சும்மா நிற்க முடியவில்லை. மெல்லக் கையைத் தூக்கினேன். (அன்று நான் ஒழுங்காகத் தூக்கியது அது ஒன்றுதான்.) திரையில் இப்போது என் முகம், பத்தடி உயரத்தில். ஒலிபெருக்கி ஆங்கிலத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை அறிவித்தது: "பிளேட் மாட்டும் தன்னார்வலரின் தவறால், வீரருக்கு இன்னொரு வாய்ப்பு வழங்கப்படுகிறது." பல்லாவரத்து வரிசையில் மாமா மெல்ல உட்கார்ந்தார்.

இந்தத் தடவை மஞ்சளை வேலு அண்ணாவே வந்து மாட்டினார். வீரர் வந்தார், ஓர் உறுமல் உறுமினார், ஒரே வீச்சில் தூக்கி நிறுத்தினார். தூக்கியது செல்லும் என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன. கம்பியைப் போட்டுவிட்டு அரங்கைச் சுற்றிப் பார்த்தவர், நேராக என்னைப் பார்த்து ஓடிவந்தார்.

அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து ஓடினேன். இரண்டே எட்டில் பிடித்து, இடுப்பில் கைகொடுத்து, என்னைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். கம்பியைவிட நான் லேசு என்பதால் மூன்று சுற்றும் சுற்றினார். கீழே, "இவனுக்குக் கோபம் வந்தால்தான் நன்றாகத் தூக்குவான். இன்றைக்குக் கோபத்தைக் கொடுத்தது நீ!" என்று பயிற்சியாளர் ஆங்கிலத்தில் கூவிக்கொண்டிருந்தார்.

வெளியே வாசலில் மாமா காத்திருந்தார்.

"அப்போ நீங்க தூக்கல?"

"இல்ல மாமா. என்னைத்தான் தூக்கினாங்க."

மாமா யாஸ்மினைப் பார்த்தார். அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். "கேட்டதும் கையைத் தூக்கினார்ல அத்தா, அது போதும்" என்றாள். அடுத்த மாதமே நிக்காஹ் நடந்தது.

இன்றும் எங்கள் குடும்பத்தில் பீரோ நகர்த்தினாலும் பிரியாணி தேக்சா இறக்கினாலும், "நிசார், நீ அந்தப் பக்கம் பிடிக்காதே" என்று ஒரு குரல் வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அன்று யாஸ்மினின் தம்பி போனில் எடுத்த படத்தை மாமா பெரிதாக்கிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரையும் அதன் முன்னால் நிறுத்தி விளக்குவார்:

"மேல இருக்கறவர் எங்க மாப்ள. கீழ இருக்கறவர் மூணாவது பரிசு."