நஷ்டத்துக்கு எந்தச் சிவப்பு?

கணக்கு எழுதுகிறவர்களில் ஒரு தனி இனம் உண்டு. கணக்கை எழுதி முடித்தபின் சும்மா இருக்கத் தெரியாத இனம். வரவும் செலவும் சரியா என்பதெல்லாம் இவர்களுக்கு அப்புறம்தான். அவை திரையில் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பதே முதல் கவலை. கணக்கு சாஃப்ட்வேரில் ரிப்போர்ட்டை அமைப்பதற்கென்றே ஒரு பக்கம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். எந்த வரியில் எது வரவேண்டும், எந்தப் பத்தி எவ்வளவு அகலம், எந்த எழுத்து எவ்வளவு தடிமன், எல்லாவற்றையும் அங்கே மாற்றலாம். மாற்றலாம் என்றால் மாற்றியே தீர வேண்டுமா? அதை இவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

நம் ஆள் ஒரு கடையில் கணக்கர். முன்பக்கம் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்பார்கள். பின்பக்கம் அவற்றையே ரிப்பேர் பார்ப்பார்கள். கடையில் அவருக்கு ‘ரிப்போர்ட் ராசா’ என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர் என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் ராசா என்ற பாதியை மட்டும் சந்தோஷமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

காலையில் வந்ததும் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, லாப நஷ்ட அறிக்கையைத் திறந்து, ‘இதர செலவுகள்’ என்பதை ஒரு வரி கீழே இறக்கி, இறக்கியது பிடிக்காமல் மேலே ஏற்றி, ஏற்றியதில் வாடகை ஒண்டிக்கட்டையாக நிற்பதைக் கண்டு மனம் பொறுக்காமல் அதன் பக்கத்தில் மின்கட்டணத்தைக் கொண்டுவந்து சேர்த்து, மொத்தத்துக்கு மேலே ஒற்றைக்கோடா இரட்டைக்கோடா என்று யோசித்து, கடைசியில் நேற்று எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிட்டு, “இப்பத்தான் லட்சணமா இருக்கு” என்பார். அதற்குள் டீ ஆறியிருக்கும்.

இப்படிப்பட்ட லட்சணமான அறிக்கை ஒன்றில்தான் ரிப்பேர் பிரிவு நஷ்டம் என்று வந்தது. முதலாளியம்மா பார்த்தார். “இழுத்து மூடிடலாம். அந்த இடத்தைக் குடோனா வெச்சுக்கலாம். வெள்ளிக்கிழமை உக்காந்து முடிவு பண்ணிடுவோம்” என்றார்.

ரிப்பேர் பிரிவைப் பார்த்துக்கொள்வது ராசாவின் மனைவியின் தம்பி. கையில் கிரீஸோடு வந்து நின்றான்.

“மாமா, பின்னாடி வந்து பாருங்க. வைக்க இடமில்லாம மெஷினை வாசல்ல அடுக்கியிருக்கேன். எனக்கா நஷ்டம்?”

“நான் என்னப்பா பண்ணட்டும்? ரிப்போர்ட் அப்படிச் சொல்லுது.”

“அதை அமைச்சது யாரு?”

“நான்தான். அதனாலதான் தப்பு இருக்காதுன்னு சொல்றேன்.”

எழுந்து பத்தடி நடந்து எட்டிப் பார்த்திருக்கலாம் அல்லவா? இந்த இனம் எட்டிப் பார்க்காது. திரையில் இல்லாத கூட்டம் இவர்களுக்குக் கூட்டமே இல்லை.

வீட்டில் மனைவி தட்டை வைத்த சத்தத்திலேயே விஷயம் புரிந்தது. “என் தம்பி வேலை போகப்போகுது. அதை கலர் கலரா பிரிண்ட் எடுத்து வேற வெச்சிருக்கீங்க!”

“ரெண்டே கலர்தான்மா” என்றார் ராசா. அன்றைக்கு அவருக்குக் குழம்பு மறுமுறை கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. ராசாவுக்கு ஒரு குறை. அறிக்கையில் நஷ்டத்தின் சிவப்பு சற்று வெளுத்துத் தெரிந்தது. மச்சினன் வேலையே போகிறது, கொஞ்சம் கௌரவமான சிவப்பாக இருக்க வேண்டாமா? அந்தப் பகுதியின் செட்டிங்ஸைத் திறந்தார். நிறத்துக்கு மேலே, ரிப்பேர் வருமானம் என்ற வரிக்கு அவரே எப்போதோ கொடுத்திருந்த கட்டளை இருந்தது: 401ஆம் கணக்கிலிருந்து 409 வரை கூட்டு.

ராசாவுக்குச் சிவப்பு மறந்தேபோயிற்று. உதிரிப்பாகம் விற்ற பணமும் ரிப்பேர் கூலியும் ஒரே கணக்கில் கலந்து கிடப்பது கண்ணை உறுத்துகிறதென்று, கூலிக்கு மட்டும் தனிக்கணக்கு திறந்தவர் அவர்தான். அதன் எண் 410. செலவெல்லாம் ஒன்றுவிடாமல் அறிக்கைக்கு வந்தது. கூலி மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டது. சாஃப்ட்வேர் சொல்லாமலா இருந்தது? ‘ஒரு கணக்கு எந்த வரியிலும் சேரவில்லை’ என்று அடியில் மஞ்சள் முக்கோணம் போட்டுக் கத்தியது. தன் அறிக்கைக்கு மஞ்சள் பொருந்தவில்லையென்று அதை மறைத்து வைத்தவரும் அவர்தான்.

409ஐ 410 ஆக்கினார். ரிப்பேர் பிரிவு லாபத்தில் குதித்தது. கடையின் முன்பக்கத்தைவிட நல்ல லாபம்.

முதலாளியம்மா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அன்னிக்கு நஷ்டம், இன்னிக்கு லாபமா?”

“சாஃப்ட்வேர்ல சின்னக் கோளாறு மேடம்.”

“அப்போ இதை நம்ப முடியாது. இனிமே ரிப்போர்ட்டெல்லாம் ஆடிட்டர் ஆபீஸ்லயே போட்டுத் தரட்டும். நீங்க பில்லை மட்டும் ஏத்துங்க, போதும்.”

மச்சினன் வேலை போகும் என்றபோது பதறாதவர் இப்போது பதறினார். வேறொருவன் தன் பத்திகளை அகலப்படுத்துவதா? வாடகையையும் மின்கட்டணத்தையும் பிரிப்பதா?

“கோளாறு அதுல இல்ல மேடம். எங்கிட்டதான்” என்றார். 409ஐச் சொன்னார். முக்கோணத்தைச் சொன்னார். மஞ்சள் ஏன் பிடிக்கவில்லை என்பதை மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னார். வாசலில் நின்ற மச்சினன் சிரிப்பை அடக்க முடியாமல் பின்பக்கம் ஓடினான்.

முதலாளியம்மா சிரிக்கவில்லை. “ரிப்பேரை மூட வேண்டாம். ரிப்போர்ட்டும் உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா முதல்ல அந்த மஞ்சளைத் திரும்பக் கொண்டாங்க” என்றார்.

கொண்டுவந்தார். அதோடு அறிக்கையின் அடியில் ‘எதிலும் சேராதவை’ என்று புதிதாக ஒரு வரியும் வைத்தார். அது பூஜ்யமாக இல்லாவிட்டால் அறிக்கை அவர் மேசையைத் தாண்டாது. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல முடியாது. வரியை அமைக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அதற்கு எந்த மஞ்சள் என்று முடிவாவதற்குள் அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டார்கள்.

சிரிக்கிறீர்கள். வீட்டுச் செலவுக்குப் போனில் ஓர் அட்டவணை வைத்திருக்கிறீர்களே, அதற்கு எத்தனை தடவை நிறம் மாற்றினீர்கள், எத்தனை தடவை கூட்டிப் பார்த்தீர்கள்? ராசாவின் மனசு இதை எழுதுகிறவருக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள். இந்தத் தலைப்புக்கே அரைநாள் போயிற்று. அதுவும் இன்னும் கொஞ்சம் தடிமனாக இருந்திருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? வாருங்கள், உட்காருங்கள். பக்கத்து நாற்காலி உங்களுக்காகத்தான் காலியாக இருக்கிறது.