பானைக்குத் திரும்பிய ஆணம்

காரைக்கால்,
1956, வெள்ளிக்கிழமை

மேன்மை தங்கிய மச்சான் முகம்மது இப்ராஹிம் அவர்களுக்கு, ஜெய்னுலாபுதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். கோட்டுச்சேரியில் தாங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம்.

பிரெஞ்சுக்காரன் போனதிலிருந்து எங்கள் ஆபீசில் இங்கிலீஷ் வந்து உட்கார்ந்துகொண்டதைத் தாங்கள் அறிவீர்கள். பரீட்சை வேறு வைக்கப்போகிறார்களாம். பயந்துகொண்டே புத்தகத்தைப் புரட்டினால், நமக்குப் பழக்கமான ஆசாமி ஒருவர் அதிலும் இருக்கிறார். 'ரீ' என்னும் லத்தீன் முன்னொட்டு! பிரெஞ்சில் போலவே இங்கேயும் 'திரும்ப' என்றுதான் பொருள். ரிப்போர்ட் என்றால் திரும்பச் சுமந்து வருவது, ரிப்ளை என்றால் திரும்ப மடிப்பது. இந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வேன்? தங்கள் தங்கை உம்மு சல்மாவிடம்தான் சொன்னேன். விடிந்ததும் சொன்னேன், துணி உலர்த்தும்போது பின்னாலேயே போய்ச் சொன்னேன், நேற்று மத்தியானம் அவள் சோற்றைப் போட்டு, அதற்குப் பிசையக் கிண்ணத்தில் கொடுவா மீன் ஆணத்தை ஊற்றிவைத்துக் காத்திருக்க, 'ரிஃப்யூஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, இப்போது மறுப்பது என்கிறோம், மூலத்தில் திரும்ப ஊற்றுவது என்று விளக்கிக்கொண்டே இருந்தேன். "சாப்புடுறீங்களா இல்லையா?" என்றாள். "இரு புள்ள, வேருக்கு வர்றேன்" என்றேன். அவள் கிண்ணத்தை எடுத்து ஆணத்தைப் பானையில் திரும்ப ஊற்றி மூடிவிட்டாள். மச்சான், லத்தீன் என் கண்முன்னாலேயே நடந்தது! நான் கைதட்டிவிட்டேன். அதுதான் நான் செய்த பிழை.

மற்றவர்கள் வீட்டில் என்றால் கோபித்துக்கொண்ட பெண்டாட்டி தாய்வீட்டுக்குப் போவாள். நம் வழக்கத்தில் மாப்பிள்ளைகள்தானே பெண்வீட்டில் வாழ்கிறோம்? "ஒங்க லாத்தா வூட்டுல போயி பேசுங்க" என்று அவள் சொன்னதும் நானும் என் குடையும் தெருவில் நின்றோம். லாத்தா அமீர் நிஷா, கூடப்பிறந்த தம்பியாயிற்றே என்று வஞ்சனையில்லாமல் சோறு போடுகிறாள். ஆனால் சல்மாவைப் பார்க்காமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அவள் திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கிறது. தாங்கள் வந்து ஒரு வார்த்தை பேசி என்னை வீட்டில் சேர்த்துவிட வேண்டும். இனி 'ரீ'யும் வேண்டாம், லத்தீனும் வேண்டாம், பரீட்சையில் தோற்றாலும் சரி.

பிள்ளைகளுக்கு என் துஆவும் தங்கள் மாமியாருக்கு என் சலாமும் சேரட்டும்.

இப்படிக்கு,
வாசலுக்கு வெளியே இருக்கும் மாப்பிள்ளை,
ஜெய்னுலாபுதீன்

பின்குறிப்பு: தாங்கள் புறப்பட வேண்டாம். உறையை ஒட்டப்போகும்போது பால்காரி குஞ்சம்மா வந்தாள். "அத்தனை 'ரீ' படிச்ச மனுசருக்கு வூட்டுக்குத் திரும்பி வர மட்டும் தெரியலையான்னு ஒங்க வூட்டு அம்மா கேக்கச் சொன்னாங்க. ஆணம் சுட வச்சிருக்காங்களாம்" என்றாள். குடையைக் கையில் எடுத்துவிட்டேன். படிப்பை விடுவதாக மேலே எழுதியதையும் மறந்துவிடுங்கள். அடுத்த முன்னொட்டு 'கோ'. சேர்ந்து என்று பொருள். இந்தத் தடவை சாப்பிட்ட பிறகுதான் அவளிடம் சொல்வேன்.