வாஷிங் மெஷினும் ஏழு கடிதங்களும்

அந்த வாஷிங் மெஷின் எங்கள் வீட்டில் பதினொரு நாள் துவைத்தது. பன்னிரண்டாம் நாள் நடக்கத் தொடங்கியது.

மிகைப்படுத்தவில்லை. குளியலறைச் சுவரோரம் சாதுவாக நின்றிருந்தது. முதலில் உடம்பைக் குலுக்கியது. பிறகு தொண்டையைச் செருமியது. பிறகு தண்ணீர்க் குழாயைப் பின்னால் இழுத்தபடி, கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் புறப்பட்டவளைப் போலக் கூடத்தைத் தாண்டி வாசலை நோக்கி வந்தது. வழியெல்லாம் நுரை. நான் சோபாவின் மேல் ஏறிவிட்டேன். என் மனைவி ஒதுங்கி அதற்கு வழி விட்டாள்.

"என்னங்க, இது எங்கே போகுது?"

"எனக்கென்ன தெரியும்? பிளக்கைப் பிடுங்கு!"

"நீங்கதானே பக்கத்துல இருக்கீங்க?"

"நான் மேலே இருக்கேன்!"

அவளே பிடுங்கினாள். மெஷின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. அதன் கதவைத் திறந்தோம். என் ஆறு சட்டைகளும் ஒரே கயிறாக முறுக்கிக்கொண்டு கிடந்தன. எந்தக் கை எந்தச் சட்டைக்குச் சொந்தம் என்று சட்டைகளுக்கே தெரியவில்லை.

இதில் வேடிக்கை இல்லாத பகுதி ஒன்று உண்டு. என் மனைவியின் வலது மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது, இனித் துணி பிழியவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பத்தொன்பது வருடம் பிழிந்த கை. அதற்காகத்தான் ஒரு தவணைக் கம்பெனி மூலம் அந்த மெஷினை எடுத்தோம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது அவள். மேலதிகாரியின் சுருக்கொப்பம் இல்லாத தாளில் கையெழுத்திட்டு எனக்குப் பழக்கம் இல்லை.

சோபாவிலிருந்து இறங்கி, நுரையில் நின்று, நான் சபதம் செய்தேன்.

"விடமாட்டேன்! மெஷினைத் திருப்பிக் கொடுத்து, கட்டின பணத்தைக் கடைசிக் காசு வரைக்கும் வாங்கிக் காட்டறேன்!"

"முதல்ல செருப்பைக் கழட்டுங்க. கூடமெல்லாம் சேறாகுது."

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவின் தலைமை எழுத்தர். இருபத்திரண்டு வருடமாகப் புகார்களைப் பெறுகிறேன். தீர்ப்பது வேறு பிரிவு. அது எந்த மாடியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு புகார் எப்படிச் சாகும் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. போனில் சொன்ன புகார் போனை வைக்கும்போதே சாகும். தேதி போடாதது மாலைக்குள் சாகும். இணைப்பு இல்லாதது ஒரு வாரம் இழுத்துக்கொண்டு கிடக்கும். ஆகவே சாகாத புகார் ஒன்றை எழுத என்னை விட்டால் ஆள் ஏது?

"கம்பெனிக்கு ஒரு போன் போட்டுப் பாக்கட்டுமா?" என்றாள்.

அதிர்ந்துபோனேன்.

"போனா! போன்ல சொன்னதெல்லாம் காத்தோட போயிடும். எழுத்துல இருக்கணும். உரிய வழியில போகணும்."

"ரிப்பேர்காரரையாவது கூப்பிட்டு..."

"ஒரு திருகாணியைத் தொட்டாலும் நம்ம உரிமை போச்சு! அது இப்ப மெஷின் இல்லை. சாட்சி. இருக்கிற இடத்துல அப்படியே இருக்கட்டும்."

"சரி, சாட்சி இருக்கட்டும். துணியை யாரு துவைக்கிறது?"

கேட்டுவிட்டு அவள் வலது கையை மேஜை மேல் வைத்தாள். குற்றம் சாட்டும் விதமாக அல்ல. கனமான ஒரு பாத்திரத்தை இறக்கி வைப்பது போல.

"நாலு நாள் விஷயம்," என்றேன். "இது முடியற வரைக்கும் நானே துவைக்கிறேன்."

"நீங்களா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"இருக்கு. நான் பாத்ததில்லை."

முதல் கடிதத்தைக் கடைக்காரருக்கு எழுதினேன். மூன்று பிரதிகள். ஏழு இணைப்புகள். நான்காம் இணைப்பு, மெஷின் நடந்த பாதையின் வரைபடம். டேப் வைத்து அளந்து, திரும்பிய கோணங்களைக் குறித்து, சோபாவையும் அதன் மேல் என்னையும் ஒரு சிறு வட்டமாகக் காட்டியிருந்தேன்.

எட்டு நாளில் பதில் வந்தது. "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. உரிய பரிசீலனைக்குப் பின் ஆவன செய்யப்படும்."

மூன்று முறை படித்தேன். என்ன நடை! தள்ளிவிடுகிறார்கள் என்றே தெரியாமல் தள்ளிவிடும் நடை. நானே எழுதியிருந்தாலும் இவ்வளவு மென்மையாக வந்திருக்காது.

"என்ன சொல்றாங்க?" என்றாள் மனைவி.

"ஆவன செய்வாங்களாம்."

"அப்படின்னா?"

"எங்க ஆபீஸ்ல எழுதினா, ஒண்ணும் செய்ய மாட்டோம்னு அர்த்தம்."

"அவங்க எழுதினா?"

"அவங்க தனியார். அர்த்தம் மாறும்."

மாறவில்லை. இரண்டாம் கடிதம் போட்டேன். நினைவூட்டல். மூன்றாவது, நினைவூட்டலுக்கு நினைவூட்டல். வாரத்துக்கு ஒன்றாகக் கடிதங்கள் போயின. வாளி வாளியாக நானும் துவைத்தேன்.

முதல் வாரம் அவமானம். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கீழ்வீட்டு மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"என்ன சார், இது துவைச்ச துணியா, துவைக்கப் போற துணியா?"

"உங்க கண்ணாடியை மாத்துங்க சார்," என்றேன். ஆனாலும் சுட்டது.

மூன்றாம் வாரம் கை திருந்தியது. காலருக்கு முதலில் சோப்பு, பிறகு பத்து நிமிடம் பொறுமை, பிறகுதான் பிரஷ் என்று கண்டுபிடித்தேன். உதறிப் போட்டால் பாதிச் சுருக்கம் காற்றிலேயே போய்விடும் என்று கண்டுபிடித்தேன். இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். அவள் தலையணை உறையில் மூன்று இடத்தில் தையல் இருந்தது. என் உறைகளில் ஒரு தையல்கூட இல்லை. இத்தனை வருடமும் நல்லதெல்லாம் பிரிந்து என் தலைமாட்டுக்கே வந்துகொண்டிருந்திருக்கிறது. அந்த உறையை மெதுவாகப் பிழிந்தேன். தண்ணீர் போயிற்று. வேறு ஏதோ ஒன்று போகவில்லை.

அவளோ காலை வேளைகளில் பால்கனியில் நாற்காலி போட்டு, டீயும் கையுமாக ஏதோ படிக்க ஆரம்பித்திருந்தாள்.

"என்ன அது, கதையா?" என்று வாளியோடு போகிறபோக்கில் கேட்டேன்.

"கதை மாதிரிதாங்க. பதினாலு பக்கம். எழுத்துதான் பொடி."

"நல்லா இருக்கா?"

"ஒன்பதாம் பக்கத்துல ஒரு திருப்பம். நான் எதிர்பாக்கவே இல்லை."

அவள் சந்தோஷமாக இருப்பதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது. முட்டாள்களுக்கு மட்டும் கிடைக்கும் சுத்தமான சந்தோஷம்.

ஏழாவது கடிதத்தில் முதன்முறையாக "வேதனையுடன்" என்ற சொல்லைப் பயன்படுத்தினேன். இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் வந்த புகார்களில் அந்தச் சொல் நிறைய உண்டு. நான் எழுதியது அதுவே முதல் தடவை.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை காலை, வாசலில் லாரி நின்றது. நீலச் சட்டை போட்ட இரண்டு பேர் மணியடித்தார்கள்.

"மெஷினை எடுத்துட்டுப் போக வந்திருக்கோம் சார்."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"ஏய், இங்கே வா! வந்துட்டாங்க! பாத்தியா என் ஏழாவது கடிதத்தை! அந்த ஒரு சொல் கல்லையும் கரைச்சிருக்கும்!"

"கடிதமா?" மூத்தவர் விழித்தார். "என்ன கடிதம் சார்? இந்தாங்க, இதுல ஒரு கையெழுத்து வேணும். உங்கது இல்லை. அம்மாவுது."

தாளை வாங்கிப் படித்தேன். கடையின் பெயர் அதில் இல்லை. என் பெயர் இல்லை. தவணைக் கம்பெனியின் பெயரும் என் மனைவியின் பெயரும் மட்டும் இருந்தன. "புகார் வந்த விதம்: போன்." தேதி, ஐந்து வாரம் முந்தியது. அடுத்த வரி: "கட்டிய பணம் முழுவதும் நான்கே நாளில் திருப்பி வழங்கப்பட்டது." அதற்கடுத்த வரியை விரல் வைத்துப் படித்தேன். "பொருளைத் திரும்ப எடுப்பது வாடிக்கையாளரின் வேண்டுகோளின்படி நான்கு முறை ஒத்திவைக்கப்பட்டது."

பக்கத்தில் இருந்ததன் மேல் உட்கார்ந்தேன்.

"சார், கொஞ்சம் எழுந்திரிங்க," என்றார் மூத்தவர். "அதைத்தான் எடுக்கணும்."

எழுந்தேன். மனைவி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ... போன் பண்ணியா?"

"பண்ணேன்."

"போன்லயா!"

"ஒரு பொண்ணு எடுத்தா. 'ஐயோ, கை இப்ப எப்படி இருக்கு'ன்னுதான் முதல்ல கேட்டா. நம்ம வீட்டுலகூட யாரும் கேக்கலை."

நான் குனிந்துகொண்டேன். ஆனாலும் இருபத்திரண்டு வருட அனுபவம் உள்ளே துடித்தது.

"எந்த ஆதாரத்துல பணம் கொடுத்தாங்க?"

"ஒப்பந்தம் ஒன்பதாம் பக்கம். கடைசித் தவணை கட்டற வரைக்கும் மெஷின் நம்மளுதே இல்லைங்க. கடைக்காரர் அதை அவங்களுக்கு வித்துட்டார். அவங்க நமக்கு வாடகைக்கு விட்டிருக்காங்க. அவங்க பொருள் கெட்டுப்போனா அவங்கதான் பொறுப்பு. எடுத்துட்டுப் போகணும், பணத்தைத் திருப்பணும். கடைக்காரருக்கு எழுதி என்ன பிரயோஜனம்? அவருக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை."

"ஏழு கடிதம் எழுதினேனே! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"ரசிச்சு எழுதிட்டிருந்தீங்க. கெடுக்க மனசு வரலை."

மெஷின் படியிறங்கிப் போயிற்று, இரண்டு பேர் தோளில், ராஜமரியாதையோடு. வாசலோரம் சதுரமாக ஒரு வெற்றிடம். லாரி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு தோற்றவன் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தேன். பெருந்தன்மை காட்டினேன்.

"சரி, போகட்டும். யார் வாங்கினா என்ன, பணம் வந்துடுச்சு. கிளம்பு. இன்னைக்கே கடைக்குப் போய்ப் புது மெஷின் பாத்துடலாம்."

அவள் ஜன்னல் வழியே மாடியைப் பார்த்தாள். கொடியில் என் கைவண்ணம் வெயிலில் பளீரென்று ஆடிக்கொண்டிருந்தது. காலர்களில் பொட்டு அழுக்கு இல்லை. அழுக்குக் கூடையைக் காலால் மெல்ல என் பக்கம் நகர்த்தினாள்.

"அவசரம் என்னங்க? இப்ப இருக்கறதுல ஒரு குறையும் இல்லையே."