ஜூலை மூன்றாம் வாரத்துக்கு நாலெல்லை

தண்டலம்,
14-9-1991.

அன்புள்ள தம்பி சாம்சனுக்கு,

உன் அக்கா ஞானம்மா எழுதிக்கொள்வது. நான் நலம். என் முழங்கால் நலமில்லை. அது என்னைக் கேட்டுக்கொண்டு வலிப்பதில்லை. நீயும் மரகதமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் வேண்டியிருக்கிறது. மறைமலை நகரிலிருந்து இரண்டு பஸ் மாறினால் தண்டலம் வந்துவிடலாம். ஆனால் மாமாவின் நினைவுப் பூசைக்குப் பிறகு உன் முகத்தை நான் பார்க்கவில்லை. கேட்டால் ஷிப்ட் என்கிறாய். ஆண்டவரே ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். உன் கம்பெனி அவரைவிட மும்முரம் போலிருக்கிறது.

போன வாரம் நீ போட்ட கார்டில், "டைம்ஷேரை இரட்டிப்பு விலைக்குக் கேட்கிறார்களாமே, வாழ்த்துகள்" என்று எழுதியிருந்தாய். வாழ்த்தைத் திருப்பி எடுத்துக்கொள். நடந்ததை முறையாகச் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் படி. டைம்ஷேர் என்றால் என்ன என்று கோயிலில் கேட்பவர்களுக்கு நான் இப்படித்தான் விளக்குவது வழக்கம்: மலைமேல் ஒரு விடுதி, விடுதியில் ஓர் அறை, அந்த அறை வருஷத்தில் ஒரே ஒரு வாரம் நம்முடையது, மற்ற வாரமெல்லாம் ஊராருடையது, பராமரிப்புக் கட்டணம் மட்டும் வருஷம் தவறாமல் நம்முடையது. என்னைக் கட்டிய உன் மாமா ஆயுள் முழுக்கச் சர்வே இலாகாவில் சங்கிலி பிடித்து ஜில்லா ஜில்லாவாக நிலம் அளந்தவர். கடைசிக் காலத்தில் அளப்பதற்கு ஓர் அங்குலம்கூட இல்லாத சொத்தை வாங்கினார். மெட்ராஸ் ஓட்டலில் இலவச விருந்து, கேள்வி கேட்காமல் உட்கார்ந்திருந்தால் ஒரு பிரஷர் குக்கர் பரிசு என்று எங்களை அங்கே அழைத்துப்போனது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. கட்லெட் ஐந்து தின்றவரும் அவரே. குக்கரும் அவர் வீட்டில்தான் இருக்கிறது.

எங்களுக்குக் கிடைத்தது ஜூலை மூன்றாம் வாரம். மலையில் அந்த வாரம் எப்படி இருக்கும் என்று விருந்தில் யாரும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை போனோம். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தது. உன் மாமா குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, "வியூ அருமை" என்றார். வியூ இருந்த திசையில் ஈரத் துணி மாதிரி வெள்ளையாக ஏதோ தொங்கியது, அவ்வளவுதான். துவைத்த ஜாக்கெட் காயவே இல்லை, வீட்டுக்கு வந்துதான் காய்ந்தது. அதற்குப் பிறகு அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கட்டணச் சீட்டு மட்டும் அவர் இருந்தபோது வந்த மாதிரியே மரியாதையாக வந்துகொண்டிருக்கிறது. விலகிக்கொள்கிறேன் என்று விடுதிக்கு எழுதினேன். ஒப்பந்தம் என் பேரன் பேத்தி காலம்வரை செல்லும் என்று பதில் வந்தது. எனக்குப் பிள்ளையே இல்லை, பேரனுக்கு எங்கே போவேன்?

இந்த நிலைமையில்தான் போன மாதம் திருமலை என்று ஒருவர் டையும் குடையுமாக வந்தார். டைம்ஷேரை விற்றுக் கொடுக்கும் ஏஜென்சியாம், மெட்ராஸில் ஆபீசாம். என் பெயர், அறை எண், வாரம் எல்லாம் மனப்பாடமாகச் சொன்னார். நான் பிரமித்துப்போனேன். விடுதியின் ஆண்டு மலரில் அத்தனை உறுப்பினர்களின் விவரத்தையும் அச்சடித்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் நினைவு வந்தது. துபாயில் மேனன் என்று ஒரு டாக்டர், என்னுடைய வாரம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாராம், இரட்டிப்பு விலை தருவாராம். பத்திரச் செலவு, பெயர் மாற்றும் செலவு என்று ஒரு தொகையை மட்டும் நான் முதலில் கட்டிவிட வேண்டுமாம். சாம்சன், எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த மனிதர், "மேடம், உங்கள் இங்கிலீஷைக் கேட்டால் ரேடியோவில் லண்டன் செய்தி கேட்கிற மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். ஐரிஷ் கன்னியாஸ்திரீகள் பிரம்பால் அடித்துச் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பு. ஐம்பது வருஷத்தில் அதைக் கண்டுகொண்ட முதல் ஆள் அவர். நான் அவருக்கு இரண்டாவது காப்பி கொடுத்தேன்.

கையில் அவ்வளவு தொகை இல்லை. ஆகவே பியானோவை விற்பதென்று முடிவு செய்தேன். ஆம், அதே பியானோதான். மதர் சுப்பீரியர் ஊருக்குத் திரும்பும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. சிறு வயதில் நீ ஸ்டூலைச் சுற்றிச் சுற்றி விழுந்து பல்லை உடைத்துக்கொண்டாயே, அது. சனிக்கிழமைதோறும் கோயில் பாடகர் குழு அதைச் சுற்றி நின்றுதான் பழகுகிறது. அதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் என்னைத் தவிரச் சத்தம் போட வேறெதுவும் இல்லை. இருந்தாலும், மழையையும் கட்டணத்தையும் ஒழித்தால் போதும் என்று மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு மெட்ராஸ் ஓட்டல் ஒன்றுக்கு எழுதினேன். சனிக்கிழமை லாரி அனுப்புகிறோம் என்றார்கள். திருமலையையும் அன்றைக்கே வரச் சொன்னேன்.

இங்கேதான் கோதண்டம் நுழைகிறார். ஒரகடம் பக்கம் கம்பெனி வரப்போகிறது என்று யாரோ பஸ்ஸில் பேசியதிலிருந்து எங்கள் ஊரில் வேஷ்டி கட்டிய ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் நிலத் தரகர்கள்தான். அதில் இவர் பழம் தின்று கொட்டை போட்டவர். ஞானம்மா எதையோ விற்கிறாள் என்று காதில் விழுந்ததும் ரெக்சின் பையோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"எடம் எங்கம்மா கீது?"

"இடம் இல்லை. மலைமேல் ஒரு வாரம்."

"அதான், அந்த வாரம் எங்க கீது?"

"ஜூலையில்."

கோதண்டம் பேனா மூடியைக் கழற்றினார். பிறகு பையிலிருந்து தாளை எடுத்து, "இன்னாவா இருந்தாலும் நாலெல்லை இல்லாம கிரயம் பண்ண முடியாதும்மா. கெய்க்கால யாரு?" என்றார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது என்பது உனக்குத் தெரியும். கிழக்கே ஜூலை இரண்டாம் வாரம், கோயமுத்தூர் மில்காரர். மேற்கே நான்காம் வாரம், ஒரு பல் டாக்டர் என்றேன். வடக்கே? மேகம். தெற்கே? மழை. அத்தனையும் எழுதிக்கொண்டார். "மேக்கால பல்லு டாக்டருங்கறீங்க, வேலித் தகராறு எதுனா கீதா?" என்றும் கேட்டார். கிளம்பும்போது, "அட்வான்ஸு அன்னிக்கு நான் இருப்பேம்மா. ரெண்டு பர்சென்ட்டு. தட்டு நான் எடுத்துகினு வரேன்" என்றார்.

சனிக்கிழமை காலை. லாரி வந்துவிட்டது. கூலி ஆட்கள் பியானோவைத் தூக்கிப் பாதி வெளியே, பாதி உள்ளே என்று வாசல் நிலையில் மாட்டிவிட்டார்கள். ஆகவே திருமலை கொல்லை வழியாக, கோழிகளைத் தாண்டிக்கொண்டு உள்ளே வர வேண்டியதாயிற்று. கூடத்தில் கோதண்டம் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், எலுமிச்சம்பழம் எல்லாம் பரப்பிவைத்துத் தயாராக இருந்தார். பக்கத்தில் சாட்சிக்காகச் சின்னப்பையனும் பாண்டுரங்கனும். இவர்கள் இரண்டு பேரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, டீ வாங்கித் தருகிறவர் யாராக இருந்தாலும் அவர் பத்திரத்துக்குச் சாட்சி போடுகிறவர்கள். சின்னப்பையனுக்கு என்னைவிட வயது அதிகம்.

கோதண்டம் தாம்பாளத்தைத் திருமலை பக்கம் தள்ளினார். "வையி சார்."

"என்ன வைக்கணும்?"

"அட்வான்ஸு சார். வாங்கறவரு பார்ட்டி நீதான?"

"நான் ஏன் வைக்கணும்? மேடம்தான் எங்களுக்குக் கட்டணும்."

பாண்டுரங்கன் எடுத்த வாழைப்பழத்தைத் திரும்ப வைத்துவிட்டார். கோதண்டத்துக்கு முகம் சிவந்துவிட்டது. என் பணத்துக்காக அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தட்டில் பணம் விழுந்தால்தான் அவருக்கு இரண்டு சதவீதம்.

"இன்னா சார் பேசற? விக்கறவங்க துட்டு குடுக்கறதா? மாட்டை வித்துட்டு வாங்கறவனுக்கே கவுத்துக்கும் காசு குடுப்பாங்களா? செலவு கீதுன்னா அந்த டாக்டரு தர்றதுல கய்ச்சிகினு மீதியை வையி. தட்டு காலியா கீது பாரு."

"அது கம்பெனி ரூல்ஸ் இல்லைங்க."

"அப்ப டாக்டரை இட்டுகினு வா. எடத்தைப் பாக்காம எவன் சார் வாங்குவான்?"

அப்போதுதான் என் மூளை காப்பி மயக்கத்திலிருந்து எழுந்தது. நல்ல இங்கிலீஷில், நிதானமாக, அந்த டாக்டரின் பெயர் என்ன என்று கேட்டேன். "டாக்டர் மாத்யூ, மேடம்" என்றார். போன மாதம் மேனன். ஒரே மாதத்தில் மதம் மாறுவது ஆத்துமத்துக்கு நல்லதுதான், ஆனால் துபாயில் அதற்கு வசதி உண்டா என்று கேட்டேன். திருமலை டையைத் தளர்த்தினார். விடுதிக்கே டிரங்க் கால் போட்டு விசாரித்துவிடலாமே என்றேன். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்றார். வாசலில் பியானோ, கொல்லையில் சேவல். அவர் சேவலைத் தேர்ந்தெடுத்தார். போகிற வேகத்தில் குடையை விட்டுவிட்டார். அதைக் கோதண்டம் விரித்துப் பார்த்து, மடக்கி, தம் இரண்டு சதவீதமாக எடுத்துக்கொண்டார். பிறகு பியானோவை உள்ளே தள்ளச் சொன்னேன். "இன்னாம்மா, ஏத்து எறக்குன்னு வெளாடறியா?" என்று கூலி ஆட்கள் கத்தினார்கள். ஒரு சுரம் எழும்பவில்லை, மற்றபடி பியானோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாலையில் பாடகர் குழுவினர் அந்தச் சுரத்தைத் தாங்களே பாடிக்கொண்டார்கள்.

அன்றிரவு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தை முழுவதும் படித்தேன். உன் மாமா கையெழுத்துப் போடுவதற்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை. விடுதி அந்த வாரத்தைத் திரும்ப வாங்காது. வெளியாருக்கு விற்றால் ஆயிரம் நிபந்தனை. ஆனால் இரத்த உறவுக்கு இனாமாக எழுதிக்கொடுத்தால் கட்டணம் ஒன்றுமில்லை, பிறகு எனக்கு ஒரு பொறுப்பும் இல்லை. எனக்கு இரத்த உறவு இந்த உலகத்தில் மிகக் குறைவு. யாருக்குக் கொடுக்கலாம் என்று ஜெபித்து யோசித்துவருகிறேன்.

நீ இதிலிருந்து கற்றுக்கொள். விற்றுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறவனுக்குக் காப்பிகூடக் கொடுக்காதே. வாங்குகிறவனை நேரில் பார், விடுதியிடமே விசாரி. உன் உச்சரிப்பை ஒருவன் புகழ்ந்தால் கதவைச் சாத்து. உன் விஷயத்தில் அந்த ஆபத்து இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, முழுவதும் படிக்காத எந்தத் தாளிலும், நீட்டுகிறவர் யாராக இருந்தாலும், கையெழுத்துப் போடவே போடாதே.

மாதா உன்னையும் மரகதத்தையும் மழையிலிருந்தும் சளியிலிருந்தும் காப்பாளாக. நல்ல புத்தியைக் கேட்டு இரண்டு பேருக்காகவும் தினமும் ஜெபமாலை சொல்கிறேன். உன் பங்குக்குச் சற்று அதிகம்.

அன்புள்ள அக்கா,
ஞானம்மா தேவசகாயம்

பி.கு.: இத்துடன் ஒரு தாள் இருக்கிறது. பென்சிலால் பெருக்கல் குறி போட்ட மூன்று இடத்திலும் கையெழுத்திட்டு மறுதபாலில் அனுப்பு. படித்துக்கொண்டு நேரத்தை வீணாக்காதே, நான் படித்துவிட்டேன். சின்னப்பையனும் பாண்டுரங்கனும் சாட்சி போட்டாயிற்று, டீச் செலவு என்னுடையது. அடுத்த ஜூலை மூன்றாம் வாரம் கம்பெனியில் இப்போதே லீவு சொல்லிவை. மாமாவின் குரங்குக் குல்லாயைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கட்லெட் அங்கேயும் கிடைக்கும்.