எல்லாக் கோலும் எனக்கூடாக

ஊடாகர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் கண்டிருப்பீர்கள். இவர் எந்த வேலையும் செய்யமாட்டார். ஆனால் எந்த வேலையும் இவருக்கு ஊடாகத்தான் போகவேண்டும். கடிதம் போகலாம், கோப்பு போகலாம், கடற்காற்றுக்கூட யன்னலால் வரலாம். இவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு மீனவர் சங்கத்தின் தலைமை அலுவலகத்தைக் காவல்காக்கும் நிர்வாகச் செயலாளர் குணரத்தினம் இந்த இனத்தில் அசல் வார்ப்பு. சங்கத்துக்குக் கிண்ணியா, வெருகல், புல்மோட்டை மூன்றிலும் கிளைகள். அந்தக் கிளைகளின் தொலைபேசிகளை டிஜிட்டல் லைனால் தலைமை அலுவலகத்தோடு இணைக்க இக்ராம் என்ற தொழில்நுட்பவியலாளர் வந்தார்.

"ஐஎஸ்டிஎன் லைன், ஐயா. ஒரே நேரத்தில முப்பது கோல் வரலாம். புல்மோட்டையில மூண்டு இலக்கம் அமத்தினா இங்க படகுப் பகுதியில மணியடிக்கும்."

குணரத்தினம் கதிரையை விட்டு எழும்பினார். நேரடியாகவா?

"அப்ப நான் என்னத்துக்குத் தம்பி இருக்கிறன்?"

நியாயமான கேள்வி. பதினெட்டு வருடமாக அலுவலகம் முழுவதும் கேட்பது. இக்ராம் வயரை இழுக்கத் தொடங்கினார்.

ராகுகாலம் கழியும்வரை வேலையை நிறுத்திவைத்து, இயந்திரத்துக்குச் சந்தனம் பூசி, எலுமிச்சம்பழம் வெட்டி, அது தன் பாட்டில் வேலை செய்துவிடுமோ என்ற பயத்தில், கிளைகளின் எல்லா அழைப்பும் முதலில் தன் மேசையின் நூறாம் இலக்கத்தில் விழும்படி மாற்றுவித்து, ஊழியர்களின் கைத்தொலைபேசிகளையும் அன்று முதல் தினமும் காலையிலேயே வாங்கி அலுமாரியில் பூட்டித் திறப்பை மடியில் செருகினார் குணரத்தினம். முப்பது பாதை. முடிவில் ஒரு காது.

ஒரு வியாழன் முற்பகல் புல்மோட்டைக் கிளையிலிருந்து ஹுஸ்னியா அழைத்தார்.

"சேர், படகுப் பகுதி மெல்ரோய்க்கு உடன லைனைக் குடுங்க. முத்தலிப் காக்காவும் சஜீத்தும் போன போட்டில எஞ்சின் நிண்டுட்டு. காத்து தெற்கால இழுக்குது. மீட்புப் படகு வேணும்."

"ஆர் கதைக்கிறது?"

"ஹுஸ்னியா, சேர்! புல்மோட்டை!"

"எழுத்தில அறிவிச்சனீங்களோ?"

"சேர், இப்பதான் சஜீத் கோல் எடுத்த. போட்டுக்குள்ள தண்ணி ஏறுதாம்!"

"அதைத்தான் கேக்கிறன். கடிதத்தில அதையும் போட்டனீங்களோ?"

ஹுஸ்னியா வைத்துவிட்டார். அடுத்த நிமிடம் அலுமாரிக்குள் மெல்ரோயின் கைத்தொலைபேசி அடித்தது.

"பாத்தீங்களோ?" என்று குணரத்தினம் வெறும் கதிரையைப் பார்த்துத் தலையாட்டினார். "கடமை நேரத்தில சொந்தக் கதை!"

நாலு தரம் அடித்தது. ஐந்தாம் தரம் அடிக்கவில்லை. சுவருக்கு அப்பால், எரிபொருள் நிரப்பிய மீட்புப் படகுக்குப் பக்கத்தில் மெல்ரோய் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

குச்சவெளிப் பக்கம் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள், எவரிடமும் அனுமதி கேட்காமல், கயிறெறிந்து இருவரையும் இழுத்தெடுத்தார்கள். படகு கடலுக்குள் தாண்டுபோனது. தண்ணீர் இறைத்து இறைத்து முத்தலிப் காக்காவின் உள்ளங்கை உரிந்திருந்தது.

குணரத்தினம் சும்மா இருப்பாரா? அறிக்கை எழுதினார்: "மீனவர் இருவரும் இறைவன் கிருபையாலும், தலைமை அலுவலகத்துக்கு ஊடாகவும் மீட்கப்பட்டனர்." இறைவனும் முதலில் நூறாம் இலக்கத்துக்குத்தான் எடுத்திருப்பார் போலும்.

மறுநாள் ஹுஸ்னியா புல்மோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து, அந்த மேசைக்கு முன்னால் நின்றார்.

"சேர், மெல்ரோயிட போனுக்கு நாலு தரம் எடுத்தன். அது எங்க அடிச்ச?"

குணரத்தினம் அலுமாரியைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"கேள்வியை எழுத்தில தாங்கோ, பிள்ளை."

சிரிக்காதீர்கள். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று நீங்கள் கடைசியாக முகம் கறுத்தது எப்போது? உங்கள் வீட்டில், உங்கள் சபையில், உங்கள் கந்தோரில், யாரும் யாரோடும் நேராகக் கதைக்கிறார்களா? எதற்கும் உங்கள் அலுமாரியில் ஒருமுறை காதை வைத்துப் பாருங்கள். உள்ளே மணியடித்தால், எத்தனையாம் தரம் என்று எண்ணிக்கொண்டு நிற்கவேண்டாம். திறப்பைத் தேடுங்கள்.