வடிகால் துறையின் செவித்திறன் தேர்வு

வடிகால் துறை இயக்குநர் ஒரு சமயம் வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய் வந்தார். அங்கே தேநீர் இடைவேளையில் ஓர் அம்மையார் அவரிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். இயக்குநர் "யெஸ்" என்றார். அம்மையார் அதையே மறுபடியும் கேட்டார். இயக்குநர் மறுபடியும் "யெஸ்" என்றார். அம்மையார் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அந்த அம்மையார் கேட்டது கழிப்பறைக்கு வழி என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஊர் திரும்பும் விமானத்தில் இயக்குநர் ஆழ்ந்து சிந்தித்து, தமது துறை ஊழியர்களுக்கு ஆங்கிலம் போதாது என்ற முடிவுக்கு வந்தார்.

அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்தது. துறையை உலகத் தரத்துக்கு உயர்த்தும் பொருட்டு அனைத்து ஊழியர்களும் இலக்கணம், செவித்திறன், வாசிப்பு ஆகிய மூன்று பிரிவுகள் கொண்ட ஆங்கிலத் தேர்வில், கொடுக்கப்பட்ட நான்கு விடைகளுள் சரியானதைத் தெரிவு செய்து தேறக் கடவர் என்றும், தேறாதோர் மலையடிவாரக் கிளைக்கு மாற்றப்படுவர் என்றும் அதில் கண்டிருந்தது. சாக்கடை அடைப்பு எடுப்பவர்களுக்கும் விலக்கு இல்லை. இயக்குநருக்கு மட்டும் உண்டு, அவர்தான் வெளிநாடே போய் வந்துவிட்டாரே!

குறைகேட்புப் பிரிவின் குமாஸ்தா அதை மூன்று தரம் படித்தார். மலையடிவாரக் கிளைக்கு ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் போகவேண்டும். அவர் மனைவி இந்த ஊரில் தையல் கடை வைத்து, இப்போதுதான் நாலு வாடிக்கையாளர்களைப் பிடித்திருந்தாள். மகள் இரண்டாம் வகுப்பு. ராத்திரி அவர் அவள் தலைமேல் கை வைத்திருந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

"என்னங்க, அங்க போனா மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவீங்களா?" என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

"வந்தா உண்டு."

"அப்ப ஒழுங்கா உக்காந்து படிங்க. நான் கடையை விட்டுட்டு எங்கயும் வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

ஆகவே குமாஸ்தா பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். வகுப்பு நடத்தியவரை ஊரே டிக் மாஸ்டர் என்று கூப்பிட்டது. அவருக்கு ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டவர்கள் யாரும் இல்லை. தேர்வு தெரியும், அது போதாதா?

"கேள்வியைப் படிக்காதீங்க," என்றார் டிக் மாஸ்டர் முதல் நாளே. "படிச்சா சந்தேகம் வரும். சந்தேகம் வந்தா நேரம் போகும். நாலு விடையில எது நீளமோ அதுதான் சரி. ரெண்டு நீளமா இருந்தா, சி."

"வாசிப்புப் பகுதி, சார்?"

"முதல் வரி, கடைசி வரி. நடுவுல இருக்கிறதெல்லாம் நம்மளைக் கெடுக்க எழுதினது."

"செவித்திறன்?"

"அதுல முகம்தான் முக்கியம். ஹெட்போனைக் காதுல மாட்டிக்கிட்டு, புரியுதுன்னு தலையாட்டணும். முகத்துல சந்தேகம் தெரிஞ்சா அது கைக்கு வந்துடும்."

இந்த ஞானத்தோடு குமாஸ்தா அலுவலகம் போனார். மேசையில் இழுப்பறை நிறைய மனுக்கள் கிடந்தன. பயிற்சிக்குப் பயிற்சி, வேலைக்கு வேலை என்று அவற்றையே வாசிப்புப் பாடமாக வைத்துக்கொண்டார்.

காலையில் பால்காரர் ஒருவர் வந்து நின்றார். "சார், எங்க சந்துல சாக்கடை பொங்கி வாசல்படி வரைக்கும் வந்துடுச்சு. சைக்கிளை இறக்க முடியல."

குமாஸ்தா மனுவின் முதல் வரியையும் கடைசி வரியையும் வாசித்தார். "மையக் கருத்து, சாக்கடை. சரியா?"

"ஆமா சார்."

"எழுதினவரோட மனநிலை, வருத்தம்."

"கோபம் சார்."

"கோபம் விடையிலயே இல்லையேப்பா. ஏ மகிழ்ச்சி, பி வியப்பு, சி வருத்தம், டி மேற்கண்ட எதுவும் இல்லை."

பால்காரர் மோவாயைத் தடவினார். "அப்ப டி போட்டுடுங்க."

"டி போட்டா மனுவே இல்லைன்னு ஆயிடும்."

"ஐயய்யோ. வருத்தமே இருக்கட்டும் சார்."

'மனுதாரர் வருந்துகிறார். கருத்து புரிந்துகொள்ளப்பட்டது' என்று எழுதி குமாஸ்தா கோப்பை முடித்தார். இப்படியே அந்த மாதத்தில் இழுப்பறை காலியாயிற்று. மேற்பார்வையாளர் வந்து முதுகில் தட்டிக்கொடுத்தார். ஆங்கிலம் வருவதற்கு முன்பே துறை இவ்வளவு முன்னேறிவிட்டதே, வந்துவிட்டால் என்ன ஆகுமோ என்று அவருக்கே மலைப்பாக இருந்தது. சாக்கடை மட்டும் செய்தி தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது.

தேர்வு நாள் வந்தது. குழாய்களையும் மூடிகளையும் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கிடங்கில் மேசை போட்டிருந்தார்கள். இலக்கணமும் வாசிப்பும் நீளமான விடைகளின் தயவில் இனிதே முடிந்தன. பிறகு எல்லாரும் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டார்கள். கண்காணிப்பாளர் இயந்திரத்தின் பொத்தானை அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

ஒரு சத்தமும் வரவில்லை.

குமாஸ்தா கருவியைச் சரிசெய்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பக்கத்தில் கணக்கர் கண்ணை மூடி ரசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். முன் வரிசையில் மேற்பார்வையாளர் டிக் அடித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். நமக்கு மட்டும்தான் கேட்கவில்லையோ என்று குமாஸ்தாவுக்கு வியர்த்தது.

அப்போது டைப்பிஸ்ட் அக்கா எழுந்து நின்றாள். அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் அக்காதான். குமாஸ்தாவின் மகளுக்குக் காய்ச்சல் கண்டபோதெல்லாம் அவருடைய வேலையையும் சேர்த்துப் பார்த்தவள்.

"சார், சத்தமே வரலை."

"செவித்திறன் தேர்வு நடக்கும்போது பேசக்கூடாதும்மா."

"எது நடக்குது சார்?"

"பதினோராவது கேள்வி நடக்குது." கண்காணிப்பாளர் இயந்திரத்தைப் பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. விதிப்படி, விளக்கு எரிந்தால் ஒலிப்பதிவு ஓடுகிறது. "வேற யாருக்காவது கேட்கலையா?"

குமாஸ்தாவின் கை பாதி உயரம் போயிற்று. அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். மலையடிவாரம் ஞாபகம் வந்தது, மகளின் தலை ஞாபகம் வந்தது. தூக்கிய கையால் காதோரம் சொறிந்துகொண்டார். அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நீளமான விடையைத் தேடி டிக் அடித்தார்.

முடிவுகள் வெளியாயின. துறையே தேறியது, ஒருத்தியைத் தவிர. டைப்பிஸ்ட் அக்காவின் பெயருக்கு எதிரே 'காது கேட்கவில்லை என்று தானே ஒப்புக்கொண்டார்' என்று குறித்திருந்தார்கள். அவள் மேசையைத் துடைத்துவிட்டு மலையடிவாரத்துக்குப் போனாள். குமாஸ்தா செவித்திறனில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தார். டிக் மாஸ்டர் வகுப்பின் விளம்பரத் தட்டியில் அவர் படம் போட்டார்கள், காதில் கருவியோடு.

இதற்குப் பிறகு ஊருக்கே பித்துப் பிடித்தது. டிக் மாஸ்டர் ஒலியில்லாச் செவிப்பயிற்சி என்று தனி வகுப்பே தொடங்கினார். குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து வெறும் கருவியை மாட்டிக்கொண்டு தலையாட்டினார்கள். பெற்றோர் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பூரித்தார்கள். "நம்ம பொண்ணும் பின்தங்கிடக் கூடாதில்ல?" என்று குமாஸ்தாவின் மனைவியும் மகளைச் சேர்த்துவிட்டாள். குமாஸ்தா என்ன சொல்வார்? தட்டியில் சிரித்துக்கொண்டிருப்பது அவர் முகமாயிற்றே!

ஒரு நாள் அவருக்கு ஓர் உத்தரவு வந்தது. மலையடிவாரக் கிளையில் குறைகள் மலிந்து கிடப்பதாலும், துறையிலேயே ஈடிணையற்ற செவித்திறன் கொண்ட ஊழியர் இங்கே வீணாவதாலும், பொதுநலன் கருதி அவர் அங்கே மாற்றப்படுகிறார். உடன் பாராட்டுச் சான்றிதழ் இணைக்கப்பட்டிருந்தது.

குமாஸ்தா இயக்குநர் அறைக்கு ஓடினார். உலகத் தரத்தை முன்னிட்டு இப்போது அதிகாரிகள் எல்லாருமே காதில் கருவியோடுதான் இருந்தார்கள்.

"சார், எனக்கு அன்னிக்கு ஒண்ணுமே கேட்கல சார்! யாருக்குமே கேட்கல. மெஷின் ஓடவே இல்ல. அந்த அக்கா சொன்னதுதான் நெஜம். நான் பயந்துகிட்டு சும்மா இருந்துட்டேன் சார்!"

இயக்குநர் மிகுந்த கவனத்தோடு தலையாட்டினார். பிறகு இரண்டு விரலைக் காட்டினார். செவித்திறன் தேர்வில் ஒலிப்பதிவு இரண்டு முறை ஓடவேண்டும் என்பது விதி. குமாஸ்தா எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொன்னார். இயக்குநர் முன்னாலிருந்த காகிதத்தில் ஒரு டிக் அடித்து, எழுந்து கைகுலுக்கினார்.

ஒரு கடைசி நம்பிக்கையாக, குமாஸ்தா தமது பழைய குறைகேட்புப் பிரிவிலேயே போய் வரிசையில் நின்றார். அவர் நாற்காலியில் புதிதாக வந்த பையன், காதில் கருவி. வரிசையில் முன்னால் பால்காரர், முழங்கால் வரை சேறு.

"என்ன, இன்னும் சரியாகலையா?" என்றார் குமாஸ்தா.

"சாக்கடையா? அது அப்படியேதான் இருக்கு சார். ஆனா இந்தப் புதுசா வந்த தம்பி தங்கம். என்ன அழகாக் கேட்டுக்குது தெரியுமா! வாரம் ரெண்டு தடவை வந்துட்டுப் போறேன். மனசு லேசாயிடுது."

குமாஸ்தாவின் முறை வந்தது. பையன் தலையைச் சாய்த்து, கண்ணில் கருணை பொங்க அவரைப் பார்த்தான். அவர் சொல்லச் சொல்லத் தலையாட்டினான். கட்டிய மனைவிகூட அவர் பேச்சை இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. மாற்றல் ரத்தாகவில்லை என்பது வெளியே வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் மனசு நிஜமாகவே லேசாகிவிட்டிருந்தது.

மறுநாள் மாலை பஸ் நிலையத்தில் மனைவியும் மகளும் ஜன்னலுக்குக் கீழே நின்றார்கள். பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. மனைவி அழுதுகொண்டே ஏதோ சொன்னாள், கையை ஆட்டி மறுபடியும் சொன்னாள். இரைச்சலில் ஒரு வார்த்தையும் அவர் காதில் விழவில்லை. அவர் நன்றாகத் தலையாட்டினார்.

"என் செல்லம், அப்பா சீக்கிரம் வந்துடுவேன்! ராத்திரி பயப்படாம தூங்கணும், என்ன?" என்று மகளைப் பார்த்துக் கத்தினார்.

அவள் காதில் கருவி இருந்தது. அவரைவிட நன்றாகத் தலையாட்டினாள்.