தரையைச் சாய்க்க முடியுமா?

"மொடல் நம்பரச் செல்லுங்க. நம்பர் இல்லாம பிஸ்டன் கேட்டா நான் எதண்டு குடுக்குறது?"

பிலிமத்தலாவையில் பழைய எஞ்சின் சாமான் விற்கும் முஹ்ஸின் இப்படிக் கேட்டதும் சோதிலிங்கம் விழித்தார். நம்பர் இருந்த தகட்டின் மேல் யாரோ ஒரு புண்ணியவான் மஞ்சள் பெயின்ற் பூசியிருந்தான். இன்னொரு புண்ணியவான் அதைச் சுரண்டப்போய் நம்பரையும் சேர்த்துச் சுரண்டிவிட்டான்.

"நம்பர் தெரியாது. மரம் அறுக்கிற சங்கிலி வாள் மாதிரித்தான் இருக்கும். ஆனா இது கொங்கிறீட் வெட்டுறது. எஞ்சின் இறுகிப் போச்சு."

"கொங்கிறீட்டயா? சங்கிலியாலயா?" முஹ்ஸின் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். "மரம் அறுக்குறதுட பிஸ்டன் ஒண்ணு ஈக்குது. கொண்டு போய்ப் பாருங்க."

சோதிலிங்கம் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் களஞ்சியம் பார்ப்பவர். சிமெந்து மூட்டையை எண்ணத் தெரியுமே தவிர, எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. களஞ்சியத்தின் மூலையில் கிடந்த அந்த வாளை, ஓட வைக்க முடிந்தால் கொண்டு போகலாம் என்று முதலாளி சொன்னபோது மட்டும் அவருடைய கண்கள் பளிச்சிட்டன. அதற்குக் காரணம் இருந்தது.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தின்போது அவரும் மனைவி பத்மாதேவியும் நாலு வயது மகளோடு அலவத்துகொடையில் வாடகை வீட்டில் இருந்தார்கள். தெருவில் தாலி தெரிந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்பதால் பத்மாதேவி தாலிக்கொடியைக் கழற்றினாள். சோதிலிங்கம் அதைப் பால்மாத் தகரப் பேணி ஒன்றில் போட்டு, குசினியில் அடுப்படி மண் தரையில் புதைத்தார். பிறகு முகாம், யாழ்ப்பாணம், இடப்பெயர்வு, வன்னி என்று சுற்றி, பதினாறு வருடம் கழித்து அதே வீட்டுக்கு மறுபடியும் வாடகைக்கு வந்தார்கள். வந்து பார்த்தால் குசினித் தரை முழுக்கக் கொங்கிறீட்!

ஆவணியில் மகளுக்குக் கலியாணம். பத்மாதேவி ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

"மஞ்சள் கயிற்றோட நான் சபையில நிக்க மாட்டன். பிள்ளைக்குத் தாலி ஏறேக்க என்ர கழுத்தில என்ர கொடி இருக்க வேணும்."

சண்டை பிடித்திருந்தால் சோதிலிங்கம் சமாளித்திருப்பார். அவள் அமைதியாகச் சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போனதுதான் அவரைப் பிசைந்தது.

இரும்பு அலவாங்கு போட்டு உடைக்கலாம்தான். ஆனால் யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் வீட்டுக்குள் தோண்டுகிறார் என்ற கதை பொலிசுக்குப் போனால், அவர் ஆயுதம் புதைக்கிறாரா எடுக்கிறாரா என்பது மட்டும்தான் அவர்களுக்குச் சந்தேகமாக இருக்கும். சங்கிலி வாள் சத்தம் என்றால், யாரோ பலா மரம் அறுக்கிறார்கள் என்று ஊர் சும்மா இருந்துவிடும். இது சோதிலிங்கத்தின் கணக்கு.

வீட்டுக்காரி சித்தி றலியா என்ற முஸ்லிம் பெண்மணி பக்கத்து வீட்டில் இருந்தார். அந்த ஊர் முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். சோதிலிங்கமும் அவரை அப்படியே கூப்பிட்டார். குடிவந்த அன்றே றலியா தாத்தா தேநீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு ஆயிரம் கேள்வி கேட்டார். எங்கே இருந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், மகள் என்ன படித்தாள், கலவரத்தில் போகும்போது ஏதும் விட்டுவிட்டுப் போனீர்களா, கால் வீக்கத்துக்கு எண்ணெய் போடுகிறீர்களா...

"விடுறதுக்கு என்ன இருந்தது தாத்தா? உடுத்த துணியோட போனனாங்கள்" என்றார் சோதிலிங்கம். றலியா தாத்தா போனதும் மனைவியின் பக்கம் திரும்பினார். "உந்த மனுசி பொலிஸ் மாதிரி விசாரிக்குது. நீர் வாயைத் திறக்கப்படாது."

அடுத்த நாளே போய்ப் பொய்யும் சொன்னார். "குசினிக்குக் கீழ ஒரு குழாய் கசியுது தாத்தா. சின்னதா வெட்டிப் பார்க்கட்டோ?"

"அந்தக் குசினில குழாயே இல்லயே தம்பி."

"இருக்குத் தாத்தா. வெள்ளைக்காரன் காலத்துக் குழாய்."

றலியா தாத்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, வெட்டினாத் திரும்பப் பூசிக் குடுங்க."

எஞ்சின் திருத்த வந்தவர் கலஹாவைச் சேர்ந்த கறுப்பையா. தோட்டத்தில் தேயிலைக்கு மருந்தடிக்கும் மெசின்களைத் திருத்துபவர். நம்பிக்கைக்குக் குறைவே இல்லாத மனிதர்.

"எஞ்சின்னா எல்லாம் ஒண்ணுதாங்க சார். போட்டுப் பாத்துருவோம்."

முஹ்ஸின் கொடுத்த பிஸ்டனைப் போட்டுப் பார்த்தார்கள். அண்ணனின் சட்டையைத் தம்பி போட்டதுபோல அது சிலிண்டருக்குள் தொளதொளவென்று ஆடியது.

"சின்னதா இருக்கு. ஓட்டோ பிஸ்டன் ஒண்ணு கொண்டாங்க சார். அது கொஞ்சம் பெருசு. சிலிண்டர லேத்துல குடுத்துக் கடைஞ்சுக்கலாம்."

முச்சக்கர ஓட்டோவின் பிஸ்டனோடு வந்த சோதிலிங்கத்தைக் கட்டுகஸ்தோட்டைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பையைத் திறந்த சிப்பாய் பிஸ்டனைத் தூக்கிப் பார்த்தான். மோட்டார் சைக்கிளுடையது என்றான் ஒருவன். தண்ணீர்ப் பம்புடையது என்றான் மற்றவன். மூன்றாமவன் நிதானமாக, "படகு எஞ்சின்" என்றான். அந்தக் காலத்தில் ஒரு தமிழரின் பையில் படகு எஞ்சின் இருந்தால் என்ன ஆகும் என்பது சோதிலிங்கத்துக்குத் தெரியும். புலிகளுக்குக் கடத்துகிறார் என்பார்கள்.

நல்ல காலம், பின்னால் நின்ற ஓட்டோக்காரர் எட்டிப் பார்த்து, அது ஓட்டோ பிஸ்டன் என்று சாட்சி சொன்னார்.

"உங்களுடைய ஓட்டோ எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டான் சிப்பாய்.

குசினி என்று சொல்ல முடியாது. கொங்கிறீட் என்றும் சொல்ல முடியாது. "இனித்தான்... சேர்க்கிறேன்" என்றார் சோதிலிங்கம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

"ஒவ்வொரு சாமானாகவா?"

"ஓம்."

சாவடியே சிரித்தது. அன்றிலிருந்து அவர் அந்த வழியால் போகும்போதெல்லாம், "மாத்தயா, மூன்று சில்லும் வாங்கியாச்சா?" என்று விசாரித்தார்கள். கூரை என்ன நிறம் என்று கேட்டார்கள். இல்லாத ஓட்டோவுக்கு அவர் பச்சை என்று நிறமும் சொல்லிவிட்டார்.

சிலிண்டரைக் கடைந்து பிஸ்டனைப் போட்டால், அது கொஞ்சம் உயரமாகிப் போய்த் தலையில் முட்டியது. இடையில் தடிப்பான தகடு ஒன்று வைத்தால் சரி என்றார் கறுப்பையா. தகட்டுக்கு எங்கே போவது?

மாலையில் பத்மாதேவி குசினியிலிருந்து குரல் கொடுத்தாள். "இஞ்சருங்கோ, என்ர சோத்துப் பானை மூடி எங்கை?"

"எஞ்சினுக்குள்ள" என்றார் சோதிலிங்கம் தாழ்ந்த குரலில்.

அவள் பானையை வாழையிலையால் மூடினாள்.

அடுத்தது எஞ்சினுக்குப் பெற்றோல் கொடுக்கும் கார்பரேற்றர். பழையது உள்ளே ரப்பர் இற்றுப்போய்க் கிடந்தது. தோட்டத்தில் கழித்துவிட்ட மருந்தடிக்கும் மெசினிலிருந்து ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார் கறுப்பையா. இழுத்தார்கள். எஞ்சின் ஓடியது! சோதிலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வாளைத் தரையை நோக்கிச் சரித்ததும் எஞ்சின் இருமிக்கொண்டு நின்றது. நிமிர்த்தினால் ஓடியது. சரித்தால் நின்றது.

கறுப்பையா தலையைச் சொறிந்தார். "இது முதுகுல நேரா நிக்கிற மெசினோட கார்பரேற்றர் சார். சாஞ்சா பெற்றோல் வராது."

"அப்ப என்ன செய்யிறது?"

"வாள் நேராத்தான் நிக்கணும். தரையத்தான் சாய்க்கணும்."

அவர் பகிடி விடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சோதிலிங்கம் ஒரு கணம் தரையைப் பார்த்து யோசிக்கவும் செய்தார். அந்த அளவுக்கு வந்திருந்தது நிலைமை.

கடைசியில் ஒரு வளைந்த ரப்பர் குழாயைப் போட்டு, வாள் சரிந்தாலும் கார்பரேற்றர் நிமிர்ந்து நிற்கும்படி கட்டினார்கள். ஆனால் பெற்றோலைக் கூட்டிக் குறைக்க நீளமான கேபிள் வேண்டியிருந்தது. அதுவும் வந்து சேர்ந்தது. சாவடியில் இருந்த சிப்பாய் ஒருவன், தன் மாமாவின் பழைய ஓட்டோவிலிருந்து கழற்றியது என்று சொல்லி அன்போடு ஒரு கேபிளை அவர் கையில் வைத்தான். "ஓட்டோ ஓடினதும் என்னை ஏற்றவேண்டும், மாத்தயா." சோதிலிங்கத்துக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

வெட்டும் நாள் வந்தது. பத்மாதேவி வெளியிலிருந்து இழுத்த ரப்பர் குழாயால் தண்ணீர் பிடிக்க, கறுப்பையா கயிற்றை இழுக்க, வாள் உறுமிக்கொண்டு கொங்கிறீட்டில் இறங்கியது. வெண்ணெயில் போவதுபோல் போனது. ஒரு பக்கம், இரண்டு பக்கம், மூன்று, நான்கு. "போதும், நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினாள் பத்மாதேவி.

சோதிலிங்கம் கேபிளின் பிடியை விட்டார். வாள் நிற்கவில்லை. மாமாவின் கேபிள் இறுகிவிட்டது.

வாள் அவரை இழுத்துக்கொண்டு அடுப்பு மேசையின் காலை வெட்டியது, கதிரையின் காலை வெட்டியது, கதவு நிலையில் கொஞ்சம் ருசி பார்த்தது. சாம்பல் நிறச் சேறு கூரை வரை தெறித்தது. கறுப்பையா பாய்ந்து பிளக் வயரைப் பிடுங்கி, மின்சாரம் அடித்து, "ஐயோ ஆத்தா" என்று உட்கார்ந்தார். எஞ்சின் அடங்கியது.

வெட்டிய துண்டை அலவாங்கால் நெம்பித் தூக்கினார்கள். சோதிலிங்கம் குப்புறப் படுத்துக் கையால் மண்ணைத் தோண்டினார். முழங்கை வரை தோண்டினார். உடைந்த செங்கல் ஒன்று வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

அவர் சேற்றில் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதார்.

"குழாய் கிடைச்சிச்சா தம்பி?"

வாசலில் றலியா தாத்தா நின்றார்.

இத்தனை நாள் வாயைத் திறக்காத பத்மாதேவி இப்போது திறந்தாள். "குழாய் இல்லைத் தாத்தா. என்ர தாலிக்கொடி. கலவரத்துக்குள்ள இதிலதான் தாட்டனாங்கள்."

றலியா தாத்தாவின் முகம் மாறியது. "கொடில என்ன கோத்து ஈந்திச்சு?"

"பிள்ளையார் தாலி. ரெண்டு பவுண் காசு. என்ர நீலச் சட்டைத் துண்டில சுத்தினது."

றலியா தாத்தா திரும்பி விறுவிறுவென்று நடந்தார்.

"பொலிசுக்குத்தான் போகுது" என்றார் சோதிலிங்கம். கறுப்பையா தன் ஸ்பானர்களைப் பையில் அள்ளிப் போட ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரத்தில் றலியா தாத்தா திரும்பி வந்தார். கையில் ஒரு துருப்பிடித்த பால்மாப் பேணி இருந்தது. பத்மாதேவி அதை வாங்கித் திறந்தாள். நீலத் துணியைப் பிரித்தாள். பிறகு பேணியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு விம்மினாள்.

"கொங்கிறீட் போட மண்ண வெட்டக்குள்ள வந்திச்சு" என்றார் றலியா தாத்தா. "ஒங்களுக்குப் பொறகு இங்க ரெண்டு தமிழ்க் குடும்பம் ஈந்தாங்க. யாருடயதுண்டு எனக்குத் தெரியா. அடுத்தவங்கட சாமான், அமானிதம். அதக் காட்டிக் கேக்க ஏலுமா? இதுதாண்டு அடையாளம் செல்றவங்களுக்குத்தானே குடுக்கணும். அலுமாரில வெச்சுப் பாத்துக்கிட்டு ஈந்தேன்."

சோதிலிங்கம் சேற்றிலிருந்து எழாமல் அவரை அண்ணாந்து பார்த்தார்.

றலியா தாத்தா வெட்டுண்ட தரையையும், கால் போன கதிரையையும், பானை மூடியை விழுங்கிய எஞ்சினையும் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"குடிவந்த அண்டைக்கே நான் கேட்டேனே தம்பி, ஒண்ணும் உட்டுட்டுப் போனீங்களாண்டு."